கொள்ளைநோயின் தோற்றுவாய்: நஞ்சன்கூடு எழுப்பிய வினாக்கள்

மைசூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கபினி ஆற்றின் கரையில் அமைந்துள்ள நஞ்சன்கூடு, ஸ்ரீகண்டேசுவரர் ஆலயத்தாலும் ரசவாழைப் பழத்தாலும் பெயர் பெற்ற ஊராகும். தன் யானையின் கண்ணோய் இவ்வாலயத்து இறைவன் அருளால் தீர்ந்தது கண்ட திப்பு சுல்தான், அவ்விறைவனை ‘ஹக்கீம் நஞ்சுண்டன்’ என்று அழைத்ததாக இங்கு ஒரு செவிவழிச் செய்தி வழங்கிவருகிறது. பிணி தீர்க்கும் தலமெனப் போற்றப்படும் இவ்வூரை அடுத்த தொழிற்பேட்டையில், மருந்து மூலப்பொருள்களை உற்பத்தி செய்யும் ஜூபிலன்ட் ஜெனரிக்ஸ் ஆலையின் ஊழியர் ஒருவருக்கு, 2020ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் கோவிட்-19 நோய் உறுதி செய்யப்பட்டது. கர்நாடக மாநிலத்தில் நோயுற்றோர் வரிசையில் அவருக்கு 52ஆம் எண் இடப்பட்டது. அவர் வெளிநாடு சென்று வந்தவரல்லர்.

அடுத்த சில வாரங்களில் ஆலை ஊழியரும் அவர்தம் குடும்பத்தாருமாக எழுபதுக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டறியப்பட்டது. ஆலை மூடப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் தனிமையில் வைக்கப்பட்டனர். மைசூர் மாவட்டத்தில் அப்பருவத்தில் நோயுற்ற 90 பேரில் பெரும்பாலோர் இத்தொகுதியைச் சேர்ந்தவர்களே. 1920ஆம் ஆண்டுகளில் இத்தகைய நோய்த் தொகுதி பலரைப் பலி கொண்டிருக்கக்கூடும். இங்கோ, மே மாத நடுவில் அனைவரும் நலம் பெற்று இல்லம் திரும்பினர். நோயைக் கட்டுப்படுத்தும் பணி வெற்றியுடன் முடிந்தது. ஆயின், நோய் எவ்வாறு ஆலைக்குள் நுழைந்தது என்னும் வினா மட்டும் எஞ்சி நின்றது. அதனை ஆராய ஹர்ஷ் குப்தா என்னும் மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரியை மாநில அரசு நியமித்தது. அப்படியிருந்தும், அனைவரும் ஒப்புக்கொள்ளத்தக்க ஒரே விடை மக்கள் மன்றத்தில் நிலைபெறவில்லை.

ஓர் ஆலைக்குள் நோய் நுழைந்த வழியைக் காண்பதே இத்துணை அரிதாயின், உலகெங்கும் பரவிய ஒரு நோயின் தோற்றுவாயைக் காண்பது எத்துணை அரிது என்பது சொல்லாமலே விளங்கும். இவ்விரண்டு வினாக்களுக்கும் அளவில் வேறுபாடு உண்டே தவிர, சான்றுகளை எடை போடும் முறையில் வேறுபாடு இல்லை.

மூன்று அனுமானங்கள்

நஞ்சன்கூட்டு நிகழ்ச்சியில் முதன்மையாக மூன்று அனுமானங்கள் பேசப்பட்டன. சீனத்திலிருந்து வந்த மூலப்பொருளின் பெட்டியிலோ உறையிலோ வைரஸ் ஒட்டிக்கொண்டு வந்தது என்பது ஒன்று. வெளிநாட்டிலிருந்து வந்து சென்ற எவரேனும் கொணர்ந்திருக்கலாம் என்பது மற்றொன்று. நோய்க்குறி தென்படாத உள்ளூர்வாசி ஒருவரிடமிருந்து, எவரும் அறியாவண்ணம் அது ஆலைக்குள் வந்திருக்கலாம் என்பது மூன்றாவது.

ஓர் அனுமானத்தை ஆராயும்போது, ‘இது நடந்திருக்கக் கூடுமா?’ என்று மட்டும் கேட்பது போதாது. ‘இது நடந்திருப்பின் வேறு எவை காணப்படல் வேண்டும்?’ என்றும் கேட்டல் வேண்டும். சரக்கின் வழியே நோய் வந்திருப்பின், பெட்டிகளைப் பிரித்தவர்களும் கிடங்கில் பணி புரிந்தவர்களுமே முதலில் நோயுற்றிருத்தல் வேண்டும். பெட்டி பிரிக்கப்பட்ட நாளுக்கும் நோய்க்குறி தோன்றிய நாளுக்கும் இடையே பெரும்பாலும் பதினான்கு நாட்களுக்கு மேற்படாத இடைவெளியே இருத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, பயணம் முழுவதும் வைரஸ் பிழைத்திருத்தல் வேண்டும். 2020 மார்ச் மாதத்தில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சோதனைச் சாலை நிலைமையில், பிளாஸ்டிக்கின்மீது 72 மணி நேரம் வரையிலும் அட்டையின்மீது 24 மணி நேரத்திற்கு உட்பட்டும் மட்டுமே உயிருள்ள வைரஸ் காணப்பட்டது. கடல் வழியே வரும் சரக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே முதல் அனுமானம் தொடக்கத்திலேயே வலுக் குன்றியதாக இருந்தது.

ஆயினும் அது சோதிக்கப்படாமல் தள்ளப்படவில்லை. சரக்கின் மாதிரிகள் புனே தேசிய வைரஸ் ஆய்வு நிலையத்திற்கு அனுப்பப்பட்டன. அவற்றில் வைரஸ் இல்லை என்பது முடிவு. இம்முடிவின் பொருளைச் சற்றே நிதானித்து உணர்தல் நலம். சோதிக்கப்பட்ட நாளில் சோதிக்கப்பட்ட இடத்தில் வைரஸ் இல்லை என்பதையே அது நேராகக் கூறுகிறது; பல நாட்களுக்கு முன்னர் அங்கு இருந்ததா என்பதை அது கூறாது. எனவே இம்முடிவு தனித்து நின்று அனுமானத்தைப் பொய்ப்பித்துவிடாது. ஆனால் முன்னமே வலுக் குன்றிய அனுமானத்திற்கு ஆதரவாக இருந்திருக்கக்கூடிய ஒரே நேர்ச்சான்றும் கிடைக்காமற் போயிற்று என்பதால், தராசின் தட்டு மற்ற இரண்டின் பக்கம் தாழ்ந்தது. சான்று என்பது பெரும்பாலும் இவ்வாறே செயற்படுகிறது. அது ஒரே வீச்சில் தீர்ப்பு வழங்குவதில்லை. தட்டில் சிறிது சிறிதாக எடை சேர்க்கிறது.

முதலில் அறியப்பட்டவரும் முதலில் நோயுற்றவரும்

நோய் பரவியல் துறையில் மிக இன்றியமையாத வேறுபாடு ஒன்று உண்டு. ஒரு தொகுதியில் முதலில் கண்டறியப்பட்டவர் வேறு. அத்தொகுதிக்குள் நோயை முதலிற் கொணர்ந்தவர் வேறு. சில வேளைகளில் இருவரும் ஒருவராயிருக்கலாம். பல வேளைகளில் அவ்வாறில்லை. கோவிட்-19 நோயில் தொற்று ஏற்பட்ட நாளுக்கும் நோய்க்குறி தோன்றும் நாளுக்கும் இடையே சராசரியாக ஐந்து நாட்களும், சிலருக்குப் பதினான்கு நாட்கள் வரையும் செல்லும். பலருக்கு நோய்க்குறியே தோன்றுவதில்லை. தோன்றுமுன்னரே பிறருக்குப் பரப்புவோரும் உளர். ஆகவே காய்ச்சல் கண்டு முதலில் மருத்துவரிடம் சென்றவர், தொற்றைப் பெற்றவர்களுள் பத்தாமவராகவும் இருக்கலாம்.

52 என்னும் எண் மாநிலத்தின் பதிவேட்டில் கண்டறியப்பட்ட வரிசையைக் குறிப்பதேயன்றி, நோய் பரவிய வரிசையைக் குறிப்பதன்று. பதிவேட்டின் வரிசையைப் பரவலின் வரிசையாக மயங்கியதால், நோயாளி ஒருவர் நோயின் ‘காரணர்’ எனப் பேசப்படும் நிலை நேர்ந்தது. காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரை நாடி, அதனால் தொகுதியே வெளிப்படக் காரணமாயிருந்த ஒருவருக்கு உரியது நன்றியேயன்றிப் பழியன்று. இவ்வேறுபாட்டைக் களப் பணியாளர் மறந்தால் அறிவியற் பிழை மட்டுமன்று, மனிதருக்கு இழைக்கும் தீங்கும் நேரிடும். பழிக்கு அஞ்சும் மக்கள் அடுத்த முறை காய்ச்சலை மறைப்பர். மறைத்த காய்ச்சல் பரவும்.

ஏட்டுச் சுவடியும் வைரஸின் மரபெழுத்தும்

வைரஸின் மரபுப் பொருள் ஏறத்தாழ 30,000 எழுத்துக்கள் கொண்ட ஒரு நீண்ட சுவடியை ஒத்தது. அது பெருகும்போது தன்னைத்தானே படியெடுக்கிறது. படியெடுக்கையில் ஆங்காங்கே எழுத்துப் பிழை நேர்கிறது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஊர்களின் ஏட்டுப் பிரதிகளைத் திரட்டி, பாடபேதங்களை ஒப்பிட்டதைத் தமிழாசிரியர் அறிவர். இரண்டு ஏடுகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் காணப்படின், அவை ஒரே மூல ஏட்டிலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம். வைரஸ்களின் கால்வழியை வகுப்பதும் இதே முறையில்தான்.

பெங்களூரில் நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல நரம்பியல் நிலையத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், 2020 மே 21 வரை கர்நாடகத்தில் பதிவான 1,578 நோயாளிகளின் தொடர்பு விவரங்களுடன், 91 வைரஸ் மாதிரிகளின் மரபெழுத்தை ஒப்பிட்டனர். அவை ஏழு கால்வழிகளைச் சேர்ந்தவை எனத் தெரிந்தது. தொடர்புத் தொகுதிகள் 17இல் 14, ஒவ்வொன்றும் ஒரே கால்வழியைக் கொண்டிருந்தன. நோய் மாநிலத்துக்குள் ஒரே வாயிலால் நுழையவில்லை. வெளிநாட்டுப் பயணத்தாலும் உள்நாட்டுப் பயணத்தாலும் பன்முறை நுழைந்து, பின் அங்கங்கே பரவியது என்பதே இதன் கருத்து. அம்மாதிரிகளுள் 24, எவருடனும் தொடர்பு அறியப்படாத நோயாளிகளிடமிருந்து பெறப்பட்டவை. அவர்களுக்கும் யாரோ ஒருவரிடமிருந்துதான் நோய் வந்திருத்தல் வேண்டும்; அந்த ஒருவர் பதிவேட்டில் இல்லை.

இம்முறைக்கும் எல்லை உண்டு. இவ்வைரஸில் மாதத்திற்கு ஏறத்தாழ இரண்டு எழுத்துக்களே மாறி நிலைபெறுகின்றன. ஒரே வாரத்தில் ஓர் ஆலையில் நோயுற்ற பத்துப் பேரின் வைரஸ்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கக்கூடும். அவர்கள் ஒரே தொகுதியினர் என்று மரபெழுத்து சொல்லும். யார் யாருக்கு அளித்தார் என்று சொல்லாது.

ஊஹான் நகரின் வினா

இனி, நோயின் முதல் தோற்றம் பற்றிய பெரிய விவாதத்தை நோக்குவோம். 2019 டிசம்பர் மாதத்தில் சீன நாட்டின் ஊஹான் நகரில் நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. விலங்கிடமிருந்து இயற்கையாக மனிதனுக்குத் தாவியது என்பது ஒரு கட்சி. அந்நகரில் வௌவால்களின் கொரோனா வைரஸ்களை ஆராய்ந்துவந்த சோதனைச் சாலையிலிருந்து தற்செயலாக வெளிப்பட்டது என்பது எதிர்க்கட்சி. இரண்டுமே வரலாற்றில் முன்னுதாரணம் உடையவை. 2003ஆம் ஆண்டின் சார்ஸ் நோய், சந்தையில் விற்கப்பட்ட புனுகுப்பூனைகளிடம் சில மாதங்களிலேயே அடையாளம் காணப்பட்டது. அதற்கு எதிராக, 1977இல் மீண்டும் தோன்றிய எச்1என்1 இன்புளுயன்சா வைரஸ், 1950ஆம் ஆண்டையொட்டிப் பரவிய வைரஸைப் பெரிதும் ஒத்திருந்தது. இடைக்காலத்தில் அது இயற்கையில் உலவியிருப்பின் மாறியிருத்தல் வேண்டும் என்பதால், உறைநிலையில் சேமிக்கப்பட்ட மாதிரி ஒன்று மனிதச் செயலால் வெளிப்பட்டது எனப் பலர் கருதுகின்றனர்.

இயற்கைத் தோற்றத்தை ஆதரிப்போர், ஹுவனான் என்னும் சந்தையைச் சுட்டுகின்றனர். 2019 டிசம்பரில் நோயுற்றதாக அறியப்பட்ட 174 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அச்சந்தையோடு தொடர்புடையவர். தொடர்பற்றோரின் இல்லங்களும் சந்தையைச் சூழவே அமைந்திருந்தன என்று 2022இல் மைக்கேல் வொரோபியும் அவர் குழுவினரும் காட்டினர். சந்தையில் திரட்டிய மாதிரிகளில் வைரஸின் சுவடோடு ரக்கூன் நாய் என்னும் விலங்கின் மரபுப் பொருளும் இருந்தது 2023இல் வெளிப்பட்டது. எதிர்க்கட்சியினர் கூறும் மறுப்பும் எளிதில் தள்ளத்தக்கதன்று. தொடக்கத்தில் மருத்துவர்கள் சந்தையோடு தொடர்புடையோரையே நாடித் தேடியிருப்பின், சந்தையைச் சுற்றியே நோயாளிகள் தென்படுவது இயல்பு. நஞ்சன்கூட்டிலும் ஆலை ஊழியரையும் அவர்தம் தொடர்பினரையுமே பெரிதும் சோதித்தபோது ஆலைத் தொகுதியே பெருகித் தோன்றுவது எதிர்பார்க்கத்தக்கதே. விளக்கு நாட்டிய இடத்தில்தான் வெளிச்சம் இருக்கும். மேலும், ரக்கூன் நாயின் மரபுப் பொருள் அவ்விலங்கு அங்கிருந்ததைக் காட்டுகிறதேயன்றி, அது நோயுற்றிருந்ததைக் காட்டவில்லை. நோயுற்ற இடைநிலை விலங்கு இதுகாறும் கண்டுபிடிக்கப்படவில்லை.

சோதனைச் சாலை அனுமானத்தின் நிலையும் இவ்வாறே. சோதனைச் சாலை அதே நகரில் இருப்பது ஐயத்திற்கு இடந்தரும். ஆனால் ஐயம் சான்றாகிவிடாது. அச்சாலையினர் வெளியிட்டவற்றுள் இவ்வைரஸை மிக நெருங்கியது, யுன்னான் மாநிலத்து வௌவாலிடம் 2013இல் பெறப்பட்டது. அதன் ஒற்றுமை ஏறத்தாழ 96 விழுக்காடு. கேட்பதற்கு மிக நெருக்கமாகத் தோன்றினும், 30,000 எழுத்துக்களில் எஞ்சிய நான்கு விழுக்காடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேறுபாடுகளாகும். அது நேர்மூலமாக இருத்தல் இயலாது. லாவோஸ் நாட்டு வௌவாலிடம் பின்னர்க் கண்ட வைரஸ் இன்னும் சற்று நெருங்கியது. வெளியிடப்படாத வைரஸ் எதுவும் சாலையில் இருந்ததா என்பதை அதன் பதிவேடுகளே காட்டல் வேண்டும்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 2025 ஜூன் மாதத்தில் வெளியிட்ட அறிக்கை, கிடைத்துள்ள சான்றுகளின் எடை விலங்கிலிருந்து தாவியது என்னும் பக்கமே சாய்கிறது எனக் கூறியது. கேட்ட விவரங்களைச் சீன அரசு முழுமையாக அளிக்காமையால், சோதனைச் சாலை அனுமானத்தை ஆராயவோ விலக்கவோ இயலவில்லை என்றும் அது தெரிவித்தது. அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்கப் புலனாய்வு நிறுவனமான சி.ஐ.ஏ., குறைந்த நம்பிக்கையுடன் சோதனைச் சாலைப் பக்கம் சாய்வதாக அறிவித்தது. ஆனால் ஆதாரம் வெளியிடப்பட்டுப் பிறர் சோதிக்கும் வரை, எத்துணைப் பெரிய நிறுவனத்தின் கூற்றும் அபிப்பிராயம் எனப்படுமே தவிர விஞ்ஞானச் சான்று எனப்படாது. இவ்விதி இரு கட்சியினருக்கும் பொருந்தும்.

இந்திய அனுபவங்கள் இரண்டு

தவறு சோதனைச் சாலையிலா, களத்திலா என்னும் வழக்கு இந்தியாவுக்குப் புதிதன்று. 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் 107 பேருக்குப் பிளேக் தடுப்பு மருந்து செலுத்தப்பட்டது. ‘53 என்’ என்று குறியிடப்பட்ட ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேரும் வில்வாத ஜன்னி கண்டு மாண்டனர். மருந்து தயாரான பம்பாய்ச் சோதனைச் சாலையிலேயே அசுத்தம் கலந்ததென விசாரணைக் குழு கருதியது. தடுப்பு மருந்தைக் கண்ட வால்டெமார் ஹாஃப்கின் பதவியிழந்தார். சான்றுகளை மீண்டும் ஆராய்ந்தபோது, புட்டியைத் திறந்த உதவியாளர் இடுக்கியைத் தரையில் தவறவிட்டு, அதனைச் செவ்வனே சுத்தி செய்யாமல் பயன்படுத்தியது கவனத்திற்கு வந்தது. ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிஞர்கள் 1907இல் லண்டன் பத்திரிகையில் எழுதி அவருக்காக வாதாடினர். களங்கம் நீங்கியது. 1925இல் பம்பாய்ச் சோதனைச் சாலை அவர் பெயராலேயே ஹாஃப்கின் நிலையம் ஆயிற்று. ஆயினும் அவர் இழந்த ஆண்டுகள் மீளவில்லை.

மற்றொன்று கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டுக் காய்ச்சல். 1957இல் அந்நாளைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில் குரங்குகள் மடிந்தன. அதனையடுத்து மக்களும் காய்ச்சலுற்றனர். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்பதே முதல் அச்சம். புனே வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து, இது ருசிய நாட்டு மூளைக்காய்ச்சல் வைரஸின் இனத்தது என்றும், உண்ணிகளால் பரவுவது என்றும் கண்டனர். அங்ஙனமாயின் சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் கொணர்ந்தனவோ என்ற ஐயம் எழுந்தது. அதனைச் சோதிக்கவே 1959இல் பறவையறிஞர் சலீம் அலியின் தலைமையில், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் உலக சுகாதார ஸ்தாபனத்தின் உதவியோடு பறவைகளுக்கு வளையமிடும் பணியைத் தொடங்கியது. வைரஸ் புதிதாக வந்ததன்று. காட்டில் நெடுங்காலம் அடங்கியிருந்தது. காடழித்து வயலாக்கியதும் கால்நடைகளை மேய்த்ததும் உண்ணிகளைப் பெருக்கி அதனை வெளிப்படுத்தின என்னும் விளக்கம் பின்னர் வலுப்பெற்றது. 2012இன் இறுதியில் இந்நோய் நஞ்சன்கூட்டிற்குத் தெற்கேயுள்ள பந்திப்பூர்க் காட்டிலும் தென்பட்டது. ‘எங்கிருந்து வந்தது?’ என்னும் வினாவினும் ‘இப்பொழுது ஏன் வெளிப்பட்டது?’ என்னும் வினா சில வேளைகளில் பயன் மிக்கது என்பதற்கு இது சான்றாகும்.

களப் பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடியவை

தோற்றுவாய் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் முடிவுறாமல் நிற்பதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. முதல் சில நாட்களின் குறிப்புகள் இல்லாமையே காரணம். அந்நாட்களில் நோயாளியின் வீட்டு வாயிலில் நிற்பவர் சுகாதார ஆய்வாளரோ கிராமச் செவிலியரோதான். நோய் உறுதியான நாளை மட்டுமன்றி, முதற்குறி தோன்றிய நாளையும் கேட்டுக் குறித்தல் வேண்டும். அதற்கு முந்திய பதினான்கு நாட்களின் போக்குவரவை வினவுதல் வேண்டும். ஐயத்திற்குரிய இடத்தை மட்டும் சோதிக்காமல், ஐயமற்ற இடங்களிலும் ஒப்புநோக்கச் சில மாதிரிகள் எடுத்தல் வேண்டும். ‘இல்லை’ என்ற முடிவையும் நாளும் இடமும் இட்டுப் பதிவு செய்தல் வேண்டும். கண்டதையும் கேட்டதையும் ஊகித்ததையும் தனித்தனிப் பத்திகளில் எழுதுதல் நன்று. நோயாளியின் பெயரை ஊரறியச் செய்தல் கூடாது.

வகுப்பறையில் ஆசிரியர் ஓர் எளிய பயிற்சி நடத்தலாம். ஒரு நீண்ட வாக்கியத்தை ஒரு மாணவரிடம் தந்து, அவர் இருவருக்கும் அவ்விருவர் நால்வருக்கும் விரைந்து படியெடுத்துத் தருமாறு செய்க. பின்னர்த் தாள்களைக் கலந்து, பிழைகளை ஒப்பிட்டு, எது எதன் வழி வந்தது என மற்ற மாணவர் கண்டுபிடிக்க முயல்க. சில தாள்களை முன்னரே மறைத்து வைத்தால், கிடைத்தவற்றைக் கொண்டு எவ்வளவு கூறலாம், எங்கு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை மாணவர் தாமே உணர்வர். ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே ‘உறுதி’, ‘பெரும்பாலும்’, ‘கூடும்’ என்னும் மூன்றில் எது பொருந்தும் என அவர்கள் எழுதிப் பழகுதல் வேண்டும். அடுத்த கொள்ளைநோய்க் காலத்தில் வதந்தி ஊருக்குள் வரும்போது, இம்மூன்று சொற்களின் வேறுபாட்டை அறிந்த மாணவர் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருத்தல் பெரும் பயன் தரும்.